காய்ச்சலோடு வேலைக்குப் போகலாமா? எம்.சி. பற்றித் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் தெரிந்திருக்க வேண்டியவை

சுங்கைப்பட்டாணி, கூலிம் வட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களின் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தால், பலருக்கு அடிப்படைச் சம்பளத்துக்குக் கீழே 'வருகை அலவன்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். மாதம் முழுவதும் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தால் முழுத் தொகை கிடைக்கும். ஒரு நாள் எம்.சி. எடுத்தால் அதில் ஒரு பகுதி போய்விடும். இரண்டு மூன்று நாள் எடுத்தால் ஒன்றுமே மிஞ்சாது. தொகையும் கணக்கும் இடத்துக்கு இடம் மாறும்.

அதே தொழிற்சாலையின் அறிவிப்புப் பலகையில் "உடல்நலமில்லாதவர்கள் வேலைக்கு வர வேண்டாம்" என்று ஒட்டியிருப்பார்கள். கோவிட் காலத்தில் ஒட்டியது, இன்னும் கிழிக்காமல் இருக்கும். எது உண்மையான விதி? பலகையில் இருப்பதா, சம்பளச் சீட்டில் இருப்பதா? மாதக் கடைசியில் வாடகையும் மோட்டார் சைக்கிள் தவணையும் கட்ட வேண்டியவர் சம்பளச் சீட்டைத்தான் நம்புவார். காய்ச்சலுக்கு இரண்டு பெனடோல் போட்டுக்கொண்டு ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

தோட்டத்தில் அந்த வரி இல்லாமலே அதே கதைதான். மரம் வெட்டாத நாளில் பால் இல்லை. செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கு டன் கணக்கு. பெரட்டில் பெயர் கொடுக்காதவருக்கு அன்றைக்குச் சம்பளம் போச்சு என்ற எண்ணம் மூன்று தலைமுறையாக ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணம் இன்றைய சட்டப்படி சரியல்ல. எங்கே சரியல்ல, எவ்வளவு பணம், எந்தச் சீட்டு செல்லும், எந்த நோயோடு வேலைக்குப் போகவே கூடாது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எத்தனை நாள்?

தீபகற்ப மலேசியாவில் இதைத் தீர்மானிப்பது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவு. வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டு நிறையாதவருக்கு ஒரு நாட்காட்டி ஆண்டில் 14 நாள் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு. இரண்டு ஆண்டுக்கு மேல், ஐந்து ஆண்டுக்குள் என்றால் 18 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். மருத்துவமனையில் படுக்க வேண்டிய நிலை என்றால் 60 நாள்.

2023 ஜனவரி 1 முதல் இதில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. முன்பு அந்த 60 நாளுக்குள்ளேயே 14, 18, 22 எல்லாம் அடக்கம். இப்போது இரண்டும் தனித்தனி. ஐந்து ஆண்டு வேலை செய்தவர் 22 நாள் எம்.சி.யை முடித்துவிட்ட பிறகு இருதயக் கோளாறுக்காக அலோர்ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், அவருக்கு 60 நாள் அப்படியே இருக்கிறது. பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும் கிராணிகள் இன்னும் உண்டு. கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

அதே பிரிவில் பலர் கவனிக்காத ஒரு வாசகம் இருக்கிறது. மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்கு நோய் என்று மருத்துவர் சான்று கொடுத்து, ஏதோ ஒரு காரணத்தால் நோயாளி சேரவில்லை என்றாலும், அவர் மருத்துவமனையில் சேர்ந்ததாகவே சட்டம் கருதும். படுக்கை இல்லை, வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை என்று திரும்பி வந்தவர்களுக்கு இது உதவும். ஆனால் மருத்துவர் அப்படி எழுதித் தர வேண்டும். வெறுமனே "5 நாள் ஓய்வு" என்று எழுதிய எம்.சி. சாதாரணக் கணக்கில்தான் போகும்.

இந்த விடுப்புக்குத் தகுதிகாண் காலம் முடிய வேண்டும் என்று எந்த நிபந்தனையும் இல்லை. 'புரோபேஷனில் இருப்பவருக்கு எம்.சி. கிடையாது' என்று சொல்வது தவறு. வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் இதே உரிமைதான். 2023 முதல் சம்பளம் எவ்வளவு என்ற வரம்பும் இதற்கு இல்லை. பகுதி நேர ஊழியருக்கு 10, 13, 15 நாள் என்று தனி விதிமுறை இருக்கிறது. வீட்டு வேலை செய்பவர்களை மட்டும் சட்டம் இந்தப் பகுதியிலிருந்து வெளியே நிறுத்தியிருக்கிறது. தோட்டம் விற்கப்பட்ட பிறகு தாமான் வீடுகளில் துணி துவைக்கவும் சமைக்கவும் போகிற நம் பெண்கள் எத்தனை பேர்! சட்டம் திருத்தப்படும்போதெல்லாம் இந்த ஒரு வாசல் மட்டும் திறக்காமலே போகிறது.

எவ்வளவு சம்பளம்?

மாதச் சம்பளக்காரருக்குச் சிக்கல் இல்லை. எம்.சி. நாளுக்குப் பிடித்தம் செய்யாமல் முழு மாதச் சம்பளம் வந்தால் சரி. நாள் கூலிக்கும், பால் எடைக்கும், டன் கணக்குக்கும் வேலை செய்பவருக்குத்தான் குழப்பம்.

இவர்களுக்குச் சட்டம் சொல்லும் கணக்கு இது: போன சம்பள மாதத்தில் சம்பாதித்த தொகையை, அந்த மாதத்தில் உண்மையில் வேலை செய்த நாட்களால் வகுக்க வேண்டும். ஓய்வு நாளிலும் பொது விடுமுறையிலும் செய்த வேலைக்கான தொகையும், அனுமதி பெற்ற ஊக்கத்தொகைத் திட்டத்தின் கீழ் கொடுத்ததும் இதில் சேராது. வருவதுதான் ஒரு நாள் எம்.சி.க்கான சம்பளம்.

கணக்குக்காக வைத்துக்கொள்வோம். போன மாதம் 24 நாள் வேலை, 1,800 ரிங்கிட் வருமானம். ஒரு நாளுக்கு 75 ரிங்கிட். இந்த மாதம் இரண்டு நாள் காய்ச்சல். எம்.சி. எடுத்து வீட்டில் இருந்தால் 150 ரிங்கிட் வர வேண்டும். எம்.சி. எடுக்காமல் தட்டுத்தடுமாறிப் போய், பாதி நிரையை வெட்டிவிட்டுத் திரும்பினால் நாளுக்கு 35 என்று 70 ரிங்கிட்தான். நஷ்டம் 80.

அதோடு நின்றாலும் பரவாயில்லை. அடுத்த மாதக் கணக்கையும் அது கெடுக்கும். எம்.சி. எடுத்திருந்தால் இந்த மாதம் 22 நாள் வேலை, நாளுக்கு 75 என்று 1,650 ரிங்கிட். சராசரி அதே 75. நோயோடு போயிருந்தால் 24 நாளுக்கு 1,720. சராசரி 71 ரிங்கிட் 67 சென். அடுத்த மாதம் உண்மையிலேயே படுத்துவிட்டால் ஒவ்வொரு எம்.சி. நாளுக்கும் மூன்று ரிங்கிட்டுக்கு மேல் குறையும். விடுப்பு நாள் வகுக்கும் எண்ணில் சேராது. அரைகுறையாக வேலை செய்த நாள் சேரும். நோயோடு வேலைக்குப் போனால் கூடுதலாகச் சம்பாதிக்கலாம் என்று நினைக்கும் எடைக்கூலிக்காரர் ஒருமுறை தன் சீட்டை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

தொழிற்சாலைக்காரர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே நாள் சம்பளம் போகாது. போவது வருகை அலவன்ஸ். அலவன்ஸை வருகையோடு கட்டிவைக்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் அலவன்ஸ் போகட்டும் என்று விட்டவரிடம் அன்றைய சம்பளத்தையும் பிடித்தால் அது குற்றம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் 'கட்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். சீட்டில் எந்த வரியில் எவ்வளவு பிடித்தார்கள் என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம். எம்.சி.யில் இருக்கும்போது நடுவில் பொது விடுமுறை வந்தால் அந்த விடுமுறை வீணாகாது. தீபாவளி உங்கள் நிறுவனத்தின் விடுமுறைப் பட்டியலில் இருந்து, அன்று நீங்கள் எம்.சி.யில் படுத்திருந்தால், மாற்றாக வேறொரு நாள் தர வேண்டும். ஆண்டு விடுப்பில் இருக்கும்போது நோய் வந்து எம்.சி. கிடைத்தாலும் அப்படித்தான், அந்த நாட்கள் மருத்துவ விடுப்பில் சேரும், ஆண்டு விடுப்பு கைக்குத் திரும்பும்.

எந்தச் சீட்டு செல்லும்?

பழைய தோட்ட வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு டிரஸர் நினைவிருப்பார். தோட்டத்து ஆஸ்பத்திரி, கண்ணாடிப் புட்டியில் மருந்துத் தண்ணி, காய்ச்சலென்று போனால் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது. விடியற்காலைப் பெரட்டில் யார் வரவில்லையோ அவர் லயத்தில் என்ன செய்கிறார் என்று பார்க்கக் கங்காணியோ மண்டோரோ வருவார். நோயா, சோம்பலா என்பதை முடிவு செய்யும் அதிகாரம் நோயாளியிடம் இருந்ததில்லை. டிரஸர் தலையாட்டினால் ஓய்வு. இல்லாவிட்டால் வெளிக்காடு. அவரும் நிர்வாகத்தின் சம்பளக்காரர்தான். துரையிடம் பதில் சொல்ல வேண்டியவர். நல்ல மனதுக்காரராக அமைந்தால் அந்தத் தோட்டமே அவரைக் கும்பிட்டது.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்த் தாமான் வந்தது. பல இடங்களில் தோட்டத்து மருந்தகம் மூடப்பட்டது. டிரஸர் இடத்துக்கு இப்போது பேனல் கிளினிக் வந்திருக்கிறது. அதிகாரம் யாரிடம் என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

சட்டம் சொல்வது: முதலாளி நியமித்த பதிவுபெற்ற மருத்துவர் முதலாளியின் செலவில் பரிசோதித்துச் சான்று தர வேண்டும். அப்படி யாரையும் நியமிக்கவில்லை என்றாலோ, நோயின் தன்மையைப் பார்த்தால் அந்த மருத்துவரை நியாயமான நேரத்துக்குள் அல்லது நியாயமான தூரத்துக்குள் பார்க்க முடியாது என்றாலோ, வேறு எந்தப் பதிவுபெற்ற மருத்துவரிடமும் அரசாங்க மருத்துவரிடமும் போகலாம். பல் மருத்துவரின் சான்றும் செல்லும்.

ஆகவே "பேனல் கிளினிக் எம்.சி. இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ள மாட்டோம்" என்பது பாதி உண்மை. பகல் நேரத்தில், பேனல் கிளினிக் திறந்திருக்கும்போது, பக்கத்திலேயே இருக்கும்போது, வேறிடம் போனால் நிர்வாகம் மறுக்க இடமுண்டு. இரவு ஷிஃப்ட்டில் இரண்டு மணிக்கு வாந்தி எடுத்துச் சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனவரிடம் அதே விதியைக் காட்ட முடியாது. சிக், பாலிங் பக்கம் உள்ளே கிடக்கும் தோட்டத்திலிருந்து பட்டணத்துப் பேனல் கிளினிக்குக்கு வண்டியில்லாமல் போக முடியாதவரிடமும் காட்ட முடியாது. 'நியாயமான தூரம்' என்ற சொல்லை அவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

எம்.சி. எடுத்தால் மட்டும் போதாது. 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், அல்லது தெரிவிக்க முயன்றிருக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் கையில் எம்.சி. இருந்தும், அனுமதியில்லாமல் வராமல் இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். இரண்டு வேலை நாளுக்கு மேல் தொடர்ந்து அப்படி இருந்தால் ஒப்பந்தத்தை முறித்ததாகச் சொல்லி வேலையைவிட்டு நிறுத்தும் அளவுக்குப் போகலாம். பக்கத்து வீட்டு அண்ணனிடம் சொல்லிவிட்டேன், அவர் மண்டோரிடம் சொல்லியிருப்பார் என்பது போதாது. எம்.சி.யைப் படம் எடுத்து சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அனுப்பியதை அழிக்காதீர்கள்.

'டைம் ஸ்லிப்' எம்.சி. ஆகாது. இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை கிளினிக்கில் இருந்தார் என்பதற்கு மட்டுமே அது சாட்சி. நம் சமூகத்துக்கு இது சாதாரண விஷயமல்ல. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இனிப்பு நீருக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அரசாங்க கிளினிக்கில் தேதி கொடுத்திருப்பார்கள். காலை ஏழு மணிக்குப் போனால் மதியம்வரை ஆகிவிடும். கிடைப்பது டைம் ஸ்லிப். பாதி நாள் சம்பளம் போகிறதே என்று தேதியைத் தவறவிட்டவர்கள், காலில் புண்ணோடு பூட்ஸ் மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போனவர்கள், பிறகு விரலையோ காலையோ இழந்த கதை ஒவ்வொரு தோட்டத்திலும் ஒன்றாவது இருக்கும். கிளினிக் தேதிக்காக ஆண்டு விடுப்பில் ஒரு நாளை முன்கூட்டியே எழுதிக்கொடுப்பது இப்போதைக்கு உள்ள வழி. கூட்டு ஒப்பந்தம் பேசும் தொழிற்சங்கங்கள் இதற்கென்று சில மணி நேரமாவது கேட்டு வாங்கலாம்.

'லைட் டியூட்டி' என்று மருத்துவர் எழுதுவதும் எம்.சி. அல்ல. எதைத் தூக்கக் கூடாது, எவ்வளவு நேரம் நிற்கக் கூடாது என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். குலை வெட்டுகிறவருக்குத் தோட்டத்தில் லேசான வேலை என்று ஒன்று இல்லவே இல்லை என்றால், அதையும் மருத்துவரிடமே சொல்லிவிடுங்கள்.

போகவே கூடாத நோய்கள்

இதுவரை சொன்னது உரிமை. இனிச் சொல்வது கடமை. 1988ஆம் ஆண்டு தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, தனக்குத் தொற்றுநோய் இருக்கிறது என்று தெரிந்தவரோ, இருக்கலாம் என்று நம்பக் காரணம் உள்ளவரோ, தன் குடும்பத்தார் அல்லாத மற்றவர்கள் புழங்கும் இடத்துக்குப் போய் அவர்களுக்கு ஆபத்தை உண்டாக்கக் கூடாது என்கிறது. தொழிற்சாலை, கேண்டீன், ஆட்களை ஏற்றிச் செல்லும் லோரி எல்லாம் அதற்குள் வரும்.

இந்தச் சட்டத்தின் கை எவ்வளவு நீளம் என்பதைக் கெடா மக்கள் 2020இல் நேரில் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் தமிழ்நாட்டின் சிவகங்கையிலிருந்து திரும்பிய உணவக உரிமையாளர் ஒருவர், வீட்டிலேயே தனித்திருக்க வேண்டும் என்ற உத்தரவை மீறி, குபாங் பாசு மாவட்டம் நாப்போவில் உள்ள தமது கடைக்குப் போனார். நாட்டுக்குள் நுழைந்தபோது செய்த முதல் பரிசோதனையில் தொற்று இல்லை என்றே வந்தது. பிறகு செய்த பரிசோதனையில் உறுதியானது. அதற்குள் கடை ஊழியர்கள், குடும்பத்தார், வாடிக்கையாளர்கள் என்று பரவி, எண்ணிக்கை 45ஐ எட்டியது. குபாங் பாசுவில் நான்கு முக்கிம்கள் அடைக்கப்பட்டன. ஆகஸ்ட் மாதம் அலோர்ஸ்டார் நீதிமன்றம் அவருக்கு ஐந்து மாதச் சிறையும் 12,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. சுகாதார அமைச்சு அதற்குச் 'சிவகங்கா கிளஸ்டர்' என்று பெயர் வைத்ததில், பூர்வீக ஊரின் பெயர் நோயின் பெயரானதே என்று வருந்தியவர்களும் உண்டு.

அந்தச் சம்பவத்தைப் பேசியவர்கள் எல்லாரும் உரிமையாளரைத்தான் பேசினார்கள். எனக்குப் படுவது வேறு. முதலாளியே கடையில் நிற்கும்போது, "உங்களுக்குத் தனிமைப்படுத்தல் இருக்கிறதே" என்று எந்தத் தொழிலாளி கேட்க முடியும்? சிறிய கடைகளில் எம்.சி. கொள்கை என்று எழுதிவைத்த ஒன்று இருப்பதில்லை. முதலாளி எப்படி நடக்கிறாரோ அதுதான் கொள்கை. அவர் இருமிக்கொண்டே கல்லாவில் உட்கார்ந்தால் ரொட்டி போடுகிறவரும் இருமிக்கொண்டே போடுவார். உணவு கையாள்பவர்களுக்கு டைபாய்டு தடுப்பூசியும் பயிற்சியும் கட்டாயம். வயிற்றுப்போக்கோ வாந்தியோ உள்ளவரைச் சமையல் பக்கம் விடவே கூடாது.

ஆட்கள் ஒரே கூரையின் கீழ் தங்கும் இடங்களில் நிலைமை இன்னும் மோசம். அதே 2020 நவம்பரில் கிள்ளான் மேருவில் கையுறைத் தொழிற்சாலைத் தொழிலாளர் விடுதிகளில் வெடித்த தெராத்தாய் கிளஸ்டர் 5,000 பேரைத் தாண்டியது. ஒருவர் எம்.சி. எடுத்துப் படுத்தாலும், அதே அறையில் ஷிஃப்ட் மாற்றி மாற்றிப் பலர் தூங்கினால் அந்த எம்.சி.யால் என்ன பயன்?

தொற்றாத காய்ச்சலிலும் ஆபத்து உண்டு. டெங்கியில் பெரும்பாலோர் ஏமாறுவது காய்ச்சல் இறங்கும் நாளில். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு குறையும். ஆள் தேறிவிட்டார் என்று நினைத்து வேலைக்குக் கிளம்புவார். உண்மையில் அந்த ஒன்றிரண்டு நாள்தான் மிக ஆபத்தான கட்டம். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், எழ முடியாத அசதி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டெங்கியா என்று தெரியாத நிலையில் "வலிக்கு ஒரு ஊசி போட்டுவிடுங்கள், நாளைக்கு வேலை இருக்கிறது" என்று கிளினிக்கில் கேட்பதும் தவறு. பாரசிட்டமோல் தவிர வேறு வலி மருந்துகள் டெங்கியில் இரத்தக் கசிவை அதிகமாக்கும்.

செம்பனைக் காட்டில் எலிக்காய்ச்சல் இன்னொன்று. பழத்துக்கு எலி வரும். எலியைப் பிடிக்கத்தான் தோட்டங்களில் ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைத்திருக்கிறார்கள். எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தண்ணீரிலும் காலில் வெட்டுக்காயத்தோடு நின்றால் கிருமி உள்ளே போகும். கெண்டைக்கால் கடுமையாக வலிக்கும், கண் சிவக்கும், காய்ச்சல் வரும். வேலை அலுப்பு என்று விட்டால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். மருத்துவரிடம் "நான் செம்பனைக் காட்டில் வேலை செய்கிறேன்" என்று வாய் திறந்து சொல்வது பாதிச் சிகிச்சை. நோய் வேலையால் வந்தது என்று மருத்துவர் உறுதிப்படுத்தினால் சொக்சோவிலும் கேட்க வழியுண்டு. வேலை விபத்தாலோ வேலை சார்ந்த நோயாலோ குறைந்தது நான்கு நாள் எம்.சி. கிடைத்தால், சொக்சோ தற்காலிக இயலாமைக்கு நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கொடுக்கிறது. அந்த நாட்களில் "சும்மா வந்து உட்காருங்கள்" என்று நிர்வாகம் கூப்பிட்டு, நீங்களும் போய்ச் சம்பளம் வாங்கினால், அந்த நாளுக்கான சொக்சோ பணம் கிடையாது. விபத்தில்லா மாதம் என்ற பலகைக்காகச் சிலர் அப்படிக் கூப்பிடுவதுண்டு.

காசநோயைப் பற்றி இன்னும் வெட்கம் போகவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். சிகிச்சை குறைந்தது ஆறு மாதம். ஆனால் ஆறு மாதமும் வீட்டில் இருக்க வேண்டியதில்லை. சரியான மருந்து தொடங்கிச் சுமார் இரண்டு வாரத்தில் பெரும்பாலோர் மற்றவருக்குப் பரப்பும் நிலை வெகுவாகக் குறைந்துவிடும். எப்போது திரும்பலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

சளி மாத்திரையும் ஆளைக் கவிழ்க்கும். பிரிட்டோன் போன்ற மாத்திரை போட்டால் தூக்கம் வரும். அதைப் போட்டுக்கொண்டு விடியற்காலை இருட்டில் மோட்டார் சைக்கிளில் பாடாங் செராயிலிருந்து கூலிம் போவதும், பிரெஸ் மெஷினில் கை வைப்பதும் காய்ச்சலைவிடப் பெரிய ஆபத்து. 2024 ஜூன் முதல் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டிருக்கிறது. தள்ளாடும் ஊழியரை மெஷினில் நிறுத்திய சூப்பர்வைசர், "அவரேதான் வந்தார்" என்று சொல்லித் தப்புவது இனி எளிதல்ல.

"நீ கொன்ட்ராக்ட், உனக்கு எம்.சி. இல்லை"

செம்பனைத் தோட்டங்களிலும், துப்புரவு, காவல் வேலைகளிலும் அடிக்கடி கேட்கும் சொல் இது. வேலைச் சட்டத்தில் 2023 முதல் 101சி என்று ஒரு புதிய பிரிவு இருக்கிறது. எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாதபோது, எப்படி வேலை செய்ய வேண்டும், எந்த நேரத்தில் செய்ய வேண்டும் என்று இன்னொருவர் கட்டளையிடுகிறார், கருவியோ பொருளோ அவர் தருகிறார், உங்கள் வேலை அவருடைய தொழிலின் முக்கியப் பகுதி, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அவர் தரும் பணம்தான் உங்கள் வருமானத்தில் பெரும்பகுதி, இப்படிப்பட்ட நிலை இருந்தால், மாறாக நிரூபிக்கப்படும்வரை நீங்கள் ஊழியர்தான், அவர் முதலாளிதான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஊழியர் என்றால் 60எஃப் உண்டு. கொன்ட்ராக்டர் என்ற பெயரை வாயால் சொல்லிவிட்டால் மட்டும் உரிமை போய்விடாது.

அலவன்ஸை என்ன செய்வது?

நிர்வாகத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. திங்கட்கிழமை எம்.சி., சம்பளம் போட்ட மறுநாள் எம்.சி. என்று எடுப்பவர்கள் எல்லா இடத்திலும் நாலு பேர் உண்டு. அவர்களால் அந்த வரிசையில் நிற்கும் மற்றவர்களுக்குத்தான் வேலை கூடும். வருகை அலவன்ஸ் வந்ததே அதற்காகத்தான். ஆனால் அந்த நாலு பேரைப் பிடிக்கப் போட்ட வலையில் டெங்கிக்காரரும் காசநோய்க்காரரும் மாட்டுகிறார்கள். மருத்துவமனையில் சேர்ந்த நாட்களையும், தொற்றுநோய் என்று மருத்துவர் எழுதிய நாட்களையும் மட்டும் அலவன்ஸ் கணக்கிலிருந்து விலக்கிவைத்தால் போதும். ஏமாற்றுபவருக்கு அதில் லாபமில்லை, நோயாளிக்கு நஷ்டமில்லை. தொழிற்சங்கம் உள்ள இடங்களில் கூட்டு ஒப்பந்தத்தில் இதைச் சேர்க்கக் கேட்கலாம். சங்கம் இல்லாத இடத்தில் பத்துப் பேர் கையெழுத்திட்டு எச்.ஆரிடம் கொடுக்கலாம்.

எங்கே புகார் செய்வது?

எம்.சி. நாளுக்குச் சம்பளம் பிடித்தால் தொழிலாளர் இலாகாவுக்குப் போக வேண்டும். கெடாவில் அலோர்ஸ்டார், சுங்கைப்பட்டாணி, கூலிம் ஆகிய இடங்களில் அலுவலகம் உண்டு. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்து உத்தரவு போடும் அதிகாரம் அங்கே இருக்கிறது. எம்.சி.யின் நகல், அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, அந்த மாதத்துச் சம்பளச் சீட்டு ஆகியவற்றோடு அதற்கு முந்தின மாதத்துச் சீட்டும் வேண்டும். எடைக்கூலிக்காரருக்கு முந்தின மாதச் சீட்டு இல்லாவிட்டால் நாள் சம்பளத்தைக் கணக்கிட முடியாது.

எம்.சி. எடுத்ததால் வேலையைவிட்டே நிறுத்திவிட்டார்கள் என்றால் அது வேறு இலாகா. 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்படி, தொழில் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். சனி, ஞாயிறு, திருவிழா எல்லாம் அந்த 60இல் அடக்கம். "அடுத்த மாதம் மறுபடி எடுத்துக்கொள்கிறேன்" என்று நிர்வாகி வாய்மொழியாகச் சொல்வதை நம்பிக் காத்திருந்து, 61ஆவது நாள் போய் நின்றால் மனுவை வாங்க மாட்டார்கள்.